ஒப்புமை எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்: தமிழ் ஆய்விதழ் ஆசிரியர் குழுவுக்குச் சில வழிமுறைகள்

ஆசிரியர் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் கருத்துத்திருட்டைப் பற்றி முதலில் கேட்பது, "எத்தனை விழுக்காடு வரைக்கும் விடலாம்?" என்பதுதான். அப்படி ஓர் எண் கிடையாது. ஒரு கட்டுரை பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் தருவதுதான் ஒப்புமை அறிக்கை. அதில் 35 விழுக்காடு காட்டிய கட்டுரை முழுக்க நேர்மையாக எழுதப்பட்டிருக்கலாம். குறளையும் உரைகளையும் வரிக்கு வரி எடுத்துக்காட்டி ஒப்பிடுகிறவருக்கு அந்த அளவு வரத்தான் செய்யும். 3 விழுக்காடு காட்டிய கட்டுரை முதல் பத்தியிலிருந்து முடிவுரை வரை இன்னொருவருடைய உழைப்பாக இருக்கலாம். இரண்டு வகையும் என் கைக்கு வந்திருக்கின்றன.

கோலாலம்பூரிலிருந்து வெளியாகும் சிறிய தமிழாய்வு இதழ் ஒன்றில், வருகிற கட்டுரைகளை முதலில் படிக்கிறவள் நான். எங்களுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை முனைவர் பட்ட மாணவர்களுடையவை. பட்டம் பெறுவதற்கு முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று துறைகள் கேட்கின்றன; பதவி உயர்வுக்கும் வெளியீடு வேண்டும். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தோட்டத்தில் மாதக்கணக்கில் முதியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பதிவு செய்த ஒருவருடைய பத்திகள் இன்னொருவர் பெயரில் வரும்போது, அந்த உழைப்புக்குக் காவல் நாம்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மென்பொருளுக்குத் தெரியாதவை

டர்னிட்டின், ஐதென்டிகேட் போன்றவை தங்கள் தரவுத்தளத்தில் இருப்பதோடுதான் ஒப்பிடும். ஆய்வு வெளியீடுகளுக்கு அடையாள எண் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2008-இல் பதிப்பாளர்களுக்காகத் தொடங்கிய ஒப்புமைச் சோதனையும் ஐதென்டிகேட்டில்தான் ஓடுகிறது. ஆங்கில அறிவியல் இதழுக்கு இது பெரிய துணை. தமிழுக்கு அப்படி இல்லை. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இந்த நகரத்தில் 1966-இலும் 1987-இலும் 2015-இலும் நடந்திருக்கிறது. இப்படிப்பட்ட மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகள், ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள் என்று நம் ஆய்வின் அடித்தளமாக இருக்கும் எத்தனையோ வெளியீடுகள் இன்னும் தாளாகவே அலமாரியில் இருக்கின்றன. அங்கிருந்து எடுத்தால் எந்த மென்பொருளும் சொல்லாது.

இணையத்தில் இருப்பதும் எல்லாம் அகப்படாது. பழைய பிடிஎஃப் கோப்புகள், இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருக்கும். திரையில் நல்ல தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து வெறும் நோட்பேடில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். மென்பொருள் பார்ப்பது அந்தக் குப்பையைத்தான். ஆகவே கட்டுரை வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, நடுப்பக்கத்திலிருந்து ஒரு வரியை எடுத்து இப்படி ஒட்டிப் பார்ப்பது. தமிழாக விழவில்லை என்றால் யூனிகோடில் மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எழுத்துரு மாற்றியில் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் எடுத்த ஒப்புமை அறிக்கைக்கு மதிப்பே இல்லை.

யூனிகோடிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுகிறவர்கள் பலர். இதோடு சந்தியைப் பிரித்து எழுதுவது, சேர்த்து எழுதுவது, ஒற்று மிகுவது, மிகாமல் விடுவது எல்லாம் சேர்ந்தால், ஒரே வாக்கியம் இரண்டு கட்டுரைகளில் இருந்தும் இயந்திரம் தவறவிட்டுவிடும். கூகுளில் தேடும்போது நீண்ட வரியை அப்படியே மேற்கோள் குறிக்குள் போடாமல், அரிய சொற்கள் இரண்டு மூன்றும் ஓர் ஊர்ப்பெயரும் ஓர் ஆண்டும் மட்டும் கொடுங்கள். எனக்கு அதிகம் அகப்பட்டது இந்த வழியில்தான்.

கூகுளோடு நின்றுவிடாமல் இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா, இலங்கை வெளியீடுகளுக்கு நூலகம் இணையத்தளம், பழைய நூல்களுக்கு இணைய ஆவணக் காப்பகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், மலாயாப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு அதன் மாணவர் களஞ்சியம் ஆகியவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் நூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் நீக்கிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பிறகு மொத்த எண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு மூலமாகத் திறந்து படியுங்கள். நாற்பது இடங்களில் நான்கு நான்கு சொல்லாக ஒத்திருந்தால் அது பெரும்பாலும் பொதுவழக்கு. ஒரே மூலத்தோடு தொடர்ந்து இரண்டு பத்தி ஒத்திருந்தால், மொத்தம் 5 விழுக்காடாக இருந்தாலும் அங்கே நிற்க வேண்டும்.

மொழி மாறி வருவது

மலேசியாவில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது இதை. நம் ஆய்வாளர்கள் மூன்று மொழியிலும் படிக்கிறவர்கள். ஆங்கில நூலிலிருந்தோ மலாய் ஆய்வேட்டிலிருந்தோ பத்தி பத்தியாகத் தமிழாக்கி, மூலத்தைச் சொல்லாமல் விட்டால் ஒப்புமை அறிக்கை வெறுமையாகத்தான் வரும். மொழிபெயர்த்ததும் எடுத்ததுதான். பலர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை. "நானே உட்கார்ந்து தமிழில் எழுதினேன்" என்று மனமறிந்து உண்மையாகவே சொல்வார்கள்.

இதைப் பிடிக்க ஊர்ப்பெயர்களையும் கலைச்சொற்களையும் பாருங்கள். தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பற்றிய ஒரு கட்டுரை. முன்னுரையில் 'கங்காணி' என்று சரியாக இருந்தது. மூன்றாம் பக்கத்திலிருந்து 'கங்கனி'. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் அங்கே 'நெகபட்டம்' என்ற ஊரிலிருந்து வந்தார்கள். தஞ்சாவூர் 'டான்ஜோர்' ஆகியிருந்தது. தமிழில் யோசித்து எழுதுகிற யாருடைய விரலும் அப்படிப் போகாது. ஆங்கிலேயர் எழுதிவைத்த பழைய எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தமிழாக்கும்போதுதான் இந்தப் பெயர்கள் பிறக்கும். மலாயிலிருந்து வந்தால் பினாங்கு 'பூலாவ் பினாங்' ஆகும். ஆங்கிலேயர் ஆண்ட நீரிணைக் குடியேற்றங்கள், நீரிணைக்கான மலாய்ச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டு, 'செலாட் மாநிலங்கள்' என்று நிற்கும்.

அதைவிட உறுதியான சான்று, மூலத்தின் பிழையும் கூடவே வருவது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவருவது 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த ஆண்டுகள். நான் சொல்லும் கட்டுரையில் முதலாவது 1901 என்று இருந்தது. ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்தபோது அங்கேயும் அதே இடத்தில் 1901, அச்சுப்பிழை. இருவர் தனித்தனியே ஒரே உண்மையைச் சொல்லலாம். ஒரே அச்சுப்பிழையைத் தனித்தனியே செய்வது அரிது. அடிக்குறிப்பில் தவறாகப் போன பக்க எண், நூலாசிரியர் பெயரில் விழுந்த எழுத்து, இல்லாத பதிப்பாண்டு இவற்றையெல்லாம் இதே நோக்கில் பாருங்கள். முழுக் கட்டுரையையும் சோதிக்க நேரமில்லாத நாளில் அடிக்குறிப்புகளில் ஐந்தை மட்டும் எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டாலே கட்டுரையின் குணம் தெரிந்துவிடும்.

இன்னொரு வகை, பார்க்காத மூலத்தைப் பார்த்ததாகக் காட்டுவது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன மலேசியச் செய்தித்தாளான தமிழ் நேசனின் முப்பதுகளின் இதழொன்றைக் கட்டுரையாளர் தேதியோடு சான்று காட்டியிருப்பார். உண்மையில் அதை நுண்படச்சுருளில் கண் வலிக்கத் தேடி எடுத்தவர் வேறொருவர். அவருடைய கட்டுரையிலிருந்து மேற்கோளும் தேதியும் அடிக்குறிப்பும் மொத்தமாகத் தூக்கப்பட்டிருக்கும். நூலகத்தில் உட்கார்ந்து தேடியவரிடம் பக்கத்தின் படமாவது குறிப்பேடாவது இருக்கும். கேளுங்கள். 'இன்னார் காட்டியபடி' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் அந்த மேற்கோளில் ஒரு குற்றமும் இல்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிச் சுருக்கமாக. வெளியீட்டு ஒழுக்கநெறிக்கான கோப் அமைப்பு, இந்தக் கருவிகளைக் கட்டுரையாசிரியராகக் காட்டக்கூடாது என்றும், பயன்படுத்தினால் எங்கே எப்படி என்று சொல்ல வேண்டும் என்றும் 2023-இல் தெளிவாக்கியிருக்கிறது. இயந்திரம் எழுதியதா என்று சொல்லும் கண்டுபிடிப்பான்கள் தரும் எண்ணை வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். நூற்பட்டியலைச் சோதியுங்கள், இல்லாத நூல், இல்லாத பக்கம் அங்கேதான் அகப்படும். கைக்கு அகப்படாத மூலத்தின் படியைக் கேட்டும் கட்டுரையாளரால் தர முடியவில்லை என்றால் கட்டுரையைத் திருப்புவதற்கு அதுவே போதும்.

கட்டுரை வருவதற்கு முன்பே

நாங்கள் கேட்கும் உறுதிமொழி "இது என் சொந்தப் படைப்பு" என்ற ஒற்றை வரியோடு முடிவதில்லை. அந்த வரியில் யாரும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான்கு கேள்விகளுக்குச் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதச் சொல்கிறோம். இந்தக் கட்டுரையின் எந்தப் பகுதி உங்கள் ஆய்வேட்டிலிருந்தோ மாநாட்டுக் கட்டுரையிலிருந்தோ வருகிறது? பிற மொழியிலிருந்து நீங்கள் மொழிபெயர்த்த பகுதிகள் எவை? நேரில் பார்க்காமல் பிறர் வழியாக எடுத்த சான்றுகள் எவை? கட்டுரையாசிரியர்களாகப் பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதே பலர் அடிக்குறிப்பைத் திருத்தி மறுபடி அனுப்புகிறார்கள். திருட்டைத் தடுப்பதில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

தன் ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதுவது குற்றமில்லை; சொன்னால் போதும். ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றிச் சென்னையில் ஓர் இதழுக்கும் இங்கே ஓர் இதழுக்கும் அனுப்புவதுதான் குற்றம். ஒரே களஆய்வை நான்கு துண்டாக நறுக்கி நான்கு கட்டுரையாக்குவதையும் ஏற்காதீர்கள்.

பதிப்புரிமையையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒரு விளக்கம் விதிமுறைப் பக்கத்திலேயே இருக்கட்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. அந்தக் காலம் கழிந்தால் அச்சிட அனுமதி வேண்டாம். ஆனால் யார் சொன்னது என்று சொல்லும் கடமை எத்தனை ஆண்டானாலும் கழியாது.

மதிப்பீட்டாளர்களுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்: படிக்கக் கொடுத்த கட்டுரை இரகசியம், அதிலிருந்து ஒரு தரவைக்கூட எடுக்கக்கூடாது, மாணவருக்கு அனுப்பக்கூடாது.

சந்தேகம் வந்த பிறகு

முதலில் ஓர் அட்டவணை தயாரியுங்கள். இடப்பக்கம் நமக்கு வந்த கட்டுரையின் பத்தி, வலப்பக்கம் மூலத்தின் பத்தி, இரண்டுக்கும் பக்க எண். மூலம் ஆங்கிலமோ மலாயோ என்றால் அதையும் அப்படியே வைத்து, கீழே நேர்பொருள் எழுதுங்கள். ஒத்த சொற்களுக்கு நிறம் தீட்டுங்கள். உங்கள் கருத்து ஒரு சொல்கூட அதில் வேண்டாம். அதைக் குழுவில் இன்னொருவரிடம் கொடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் அதே ஐயம் எழுந்தால் மேலே போகலாம்.

இதற்குள் ஒரு கேள்வி வரும்: இதை நான் பார்க்கலாமா? இந்த நாட்டில் தமிழாய்வு வட்டம் சிறியது. யாரோ ஒருவர் நமக்கு ஆசிரியராக இருந்திருப்பார், அல்லது நாம் அவருக்கு. அப்படி உறவு இருந்தால் விலகி, கோப்பை வேறொருவரிடம் கொடுங்கள். விலகியதையும் எழுதி வையுங்கள்.

பிறகு கடிதம். 'திருட்டு' என்ற சொல் அதில் வரக்கூடாது. நாங்கள் அனுப்பும் வாசகம் இது:

"மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு, வணக்கம். தாங்கள் அனுப்பிய கட்டுரையின் 4 முதல் 7 வரையுள்ள பக்கங்களுக்கும் கீழே குறித்துள்ள வெளியீட்டுக்கும் நெருங்கிய ஒப்புமை இருப்பதைக் கண்டோம். ஒப்பீட்டு அட்டவணையை இணைத்துள்ளோம். இதுபற்றித் தங்கள் விளக்கத்தைக் குறித்த தேதிக்குள் எழுத்தில் தருமாறு வேண்டுகிறோம். விளக்கம் கிடைக்கும் வரை கட்டுரையின் மதிப்பீடு நிறுத்தி வைக்கப்படுகிறது."

கட்டுரையில் பெயர் உள்ள எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தன் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதே தெரியாத மேற்பார்வையாளர்கள் உண்டு. அவர்களுக்கு இது உரிய நேரத்தில் தெரிய வேண்டும்.

கடிதம் போன மாலையே கைப்பேசியில் செய்தி வரும். "அக்கா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க, பட்டமளிப்பு வருது." பதில் ஒன்றுதான்: "தம்பி, மின்னஞ்சலில் எழுதுங்க, குழு படிக்கும்." அன்பாகச் சொல்லுங்கள், ஆனால் வாட்ஸ்அப்பில் விவாதிக்காதீர்கள். அட்டவணையின் படம் எந்தக் குழுவிலும் உலவக் கூடாது. விசாரணை முடியாத ஒருவர் பெயரைக் கெடுப்பதும் அநியாயம்தான், அதை நாமே செய்யக்கூடாது.

விளக்கம் பல விதமாக வரும். சில நேரம் ஒப்புமை காட்டிய மூலமே இவருடைய மாநாட்டுக் கட்டுரையாக இருக்கும். பெயரில் முன்னெழுத்து மாறியதால் நமக்குத் தெரிந்திருக்காது. சில நேரம் மூலம் என்று நாம் நினைத்ததுதான் இவரிடமிருந்து எடுத்திருக்கும். இரண்டின் தேதிகளையும் பார்க்காமல் எதையும் சொல்லாதீர்கள்.

சில வாக்கியங்கள் மட்டும், அதுவும் முன்னாய்வுப் பகுதியில், மேற்கோள் குறி விடுபட்டு வந்திருந்தால் திருத்த வாய்ப்புக் கொடுங்கள். மாணவர் என்றால் எந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒன்றை எழுதியே காட்டுவேன். ஆய்வின் கண்டுபிடிப்பு, தரவு, வாதம் இவை பிறருடையவை என்றால் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிராகரித்து, காரணத்தைச் சொல்லி, அவர் சார்ந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று படிப்படியாகக் காட்டும் கோப் அமைப்பின் பாய்வுப்படம் இந்தப் பிரிவைத்தான் செய்கிறது. பதிலே வராவிட்டால் மற்ற கட்டுரையாசிரியர்களுக்கும் பிறகு நிறுவனத்துக்கும் எழுதச் சொல்கிறது, நிறுவனமும் பேசாமல் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டச் சொல்கிறது. அந்தப் பாய்வுப்படங்கள் இலவசம். அச்சிட்டு மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

"சரி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி வரும். மாணவரிடமிருந்து வருவதைவிடப் பேராசிரியரிடமிருந்து அதிகம் வரும். அதோடு விட்டுவிட்டால் அதே கட்டுரை அடுத்த இதழுக்குப் போகும். திரும்பப் பெற்றாலும் விசாரணை முடிந்து முடிவு கோப்பில் ஏறும் என்று பதில் எழுதுங்கள். மாணவருக்கு ஒரு வழி, பெரியவருக்கு ஒரு வழி என்று நடந்தால் இந்த வேலைக்கே பொருளில்லை.

வெளியான பிறகு தெரிந்தால்

சத்தமில்லாமல் இணையத்திலிருந்து கட்டுரையை எடுத்துவிடுவதுதான் பல சிறு இதழ்கள் செய்வது. செய்யாதீர்கள். அதை ஏற்கெனவே சான்று காட்டியவர்களுக்கு உண்மை தெரியாமல் போய்விடும். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; பிடிஎஃப்-இன் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே 'மீளப்பெறப்பட்டது' என்று விழட்டும். தலைப்பின் முன்னும் அச்சொல் வரட்டும். தனியாக ஓர் அறிவிப்பை அடுத்த இதழில் பக்க எண்ணோடு வெளியிட்டு, இரண்டையும் இணைப்பால் கட்டுங்கள். அறிவிப்பு யாரும் பணம் கட்டாமல் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மீளப்பெறுவது யார், ஏன், எந்த மூலத்தோடு எந்தப் பக்கங்கள் ஒத்திருக்கின்றன என்பவை அதில் இருந்தால் போதும். 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்று எழுதுவது மூல ஆசிரியருக்குச் செய்யும் இரண்டாவது கேடு.

கட்டுரைக்கு நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் வாங்கியிருந்தால் கிராஸ்ரெஃபில் அந்தப் பதிவைத் திருத்துங்கள். மலேசிய ஆய்விதழ்களின் மேற்கோள் பட்டியலான மைசைட் போன்றவற்றில் இதழ் இருந்தால் அங்கும் எழுதுங்கள். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையைச் சான்று காட்டியவர்கள் யாரென்று பார்த்து, அந்த இதழ்களுக்கு ஒரு வரி அனுப்புங்கள்.

மூல ஆசிரியருக்கும் கடிதம் போக வேண்டும். பலர் மறப்பது இதை. நடந்ததைச் சொல்லி, அட்டவணையையும் அறிவிப்பின் வரைவையும் இணைத்து, தன் நூலின் பெயரும் ஆண்டும் சரியாக இருக்கின்றனவா என்று அவரிடமே கேளுங்கள். அவர் காலமாகியிருந்தால் குடும்பத்தாரையோ பதிப்பகத்தையோ தேடி எழுதுங்கள். அவருடைய பெயரை எந்த முன்னெழுத்தோடு, எந்த எழுத்துக்கூட்டலில் போட வேண்டும் என்று பதில் வந்த பிறகே அறிவிப்பை அச்சுக்கு அனுப்புங்கள்.